ஜெயித்தவரிடம் ஒரு கேள்வி

1

கம்பெனி காலத்து ராணுவ அதிகாரிகள் எழுதி வைத்ததை நாம் இரண்டு விதமாகத்தான் படிக்கிறோம். ஒன்று, ஆதாரம் தேடி. ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட ராணுவ நினைவுக்குறிப்புகளில், சின்ன மருது தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறார். அந்தப் பத்தியை மட்டும் உருவிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறோம். இரண்டாவது, ஒதுக்கித் தள்ள. ‘வெள்ளைக்காரன் எழுதுனது வேற எப்படி இருக்கும்’ என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறோம். இரண்டுமே நியாயமான வாசிப்புகள்தான். ஆனால் இரண்டிலும், நம் முன்னால் இருப்பது ஒரு எழுத்து என்பது மறந்துபோகிறது. ஒருத்தர் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, இன்னொரு மனிதரின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதியது அது.

கடிதம் என்ற வடிவத்தில் இது ரொம்ப முக்கியம். நினைவுக்குறிப்பு முகம் தெரியாத வாசகருக்காக எழுதப்படுகிறது. வெல்ஷின் புத்தகம், அவர் சொல்லும் பாளையக்காரர் போர் முடிந்து முப்பது வருஷம் கழித்து வந்தது. கடிதத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. மை காய்வதற்குள் தபால் கிளம்பியாக வேண்டும். அதனால் கடிதம் உண்மையானது என்று சொல்ல வரவில்லை. அதில் எவ்வளவு உண்மை வரும், எந்த உண்மை வரும் என்பதையெல்லாம் பெறுநர்தான் தீர்மானிக்கிறார் என்கிறேன். யார் எழுதினார் என்று கேட்பதைவிட, யாருக்கு எழுதினார் என்று கேட்டால் இந்தக் கடிதங்கள் சட்டென்று திறந்துகொள்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்ளலாம்.

2

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில், கைல்னா, ஜுவா என்ற இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே அஸ்ஸயே என்ற கிராமம். ஒரு பக்கம் சிந்தியாவும் பேரார் ராஜாவும் சேர்ந்து நிறுத்தியிருந்த பெரும்படை. ஐரோப்பிய அதிகாரிகள் பழக்கிய காலாட்படையும் நூறு பீரங்கி அளவுக்குப் பலமும் அதில் இருந்தன. இன்னொரு பக்கம் ஆர்தர் வெல்லெஸ்லியின் சிறிய படை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு என்று உலகமே அறிந்த அதே ஆள். அன்றைக்கு வயது 34.

சாயங்காலத்துக்குள் வெல்லெஸ்லி ஜெயித்துவிட்டார். 98 பீரங்கிகள் கையில் விழுந்தன. ஆனால் அவர் பக்கத்தில் மட்டும் 428 பேர் செத்திருந்தார்கள், 1138 பேருக்குக் காயம், 18 பேரைக் காணவில்லை. அந்தப் படையில் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் மூன்றுதான்: 19ஆவது டிராகூன் குதிரைப்படை, 74ஆவது, 78ஆவது காலாட்படைகள். மீதியெல்லாம் மதராஸ் படை. காலாட்படைப் பட்டாளங்கள் ஐந்து, குதிரைப்படை ரெஜிமெண்டுகள் மூன்று, பாதை போடும் பயனியர்கள். தமிழும் தெலுங்கும் தக்காணி உருதுவும் பேசிய சிப்பாய்கள்.

இந்த ஒரு போரைப் பற்றி வெல்லெஸ்லி பல பேருக்கு எழுதினார். மூன்று பெறுநர்களைப் பார்ப்போம்.

முதலாவது, மறுநாளே கவர்னர் ஜெனரலுக்கு எழுதிய அறிக்கை. அந்தக் கவர்னர் ஜெனரல் அவருடைய சொந்த அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. ஆனாலும் அறிக்கையில் அண்ணன் இல்லை, அரசாங்கம்தான் இருக்கிறது. படை எங்கிருந்து கிளம்பியது, எதிரி எங்கே நின்றான், யார் எந்தப் பக்கம் தாக்கினார்கள், யாரெல்லாம் பாராட்டுக்குரியவர்கள் என்று வரிசையாகப் போகிறது. இழப்பு பெரியது என்று ஒப்புக்கொள்கிறார். செத்துப்போன கர்னல் மேக்ஸ்வெல்லைப் பெயர் சொல்லி வருந்துகிறார். கூடவே பட்டியல் இணைக்கப்படுகிறது. அதில் ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்கு எண்ணிக்கை.

இரண்டாவது, சில நாளில் நண்பர் ஜான் மால்கமுக்கு. உடம்பு சரியில்லாமல் போனதால் மால்கம் அந்தப் போரில் இல்லை. இங்கே நடையே மாறிவிடுகிறது. எதிரியின் காலாட்படையை மனம் திறந்து மெச்சுகிறார். நம்முடையதை விட்டால் இந்தியாவில் தான் பார்த்ததிலேயே சிறந்தது அதுதான் என்கிறார். தன் குதிரை டையமெட் ஈட்டியால் குத்துப்பட்டதையும், இன்னொரு குதிரை தன் கீழேயே சுடப்பட்டதையும் சொல்கிறார். டையமெட்டுக்கு ஒரு ஆரணிக் கதை உண்டு. அதன் முந்தைய சொந்தக்காரர் கர்னல் ஆஸ்டன், 1798 டிசம்பரில் ஆரணியில் சக அதிகாரி ஒருவரோடு துப்பாக்கிச் சண்டைக்கு நின்று, குண்டடிபட்டுச் செத்தவர். சாகும்போது குதிரையை வெல்லெஸ்லிக்குக் கொடுத்தார். இதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் கடிதத்தில் ஒரு வரி போதுமாக இருக்கிறது. நட்பின் சுருக்கெழுத்து அது. அதே சமயம் ஒன்றைக் கவனிக்காமல் நகர முடியவில்லை: அந்த நாளின் கடிதங்களில் ஒரு குதிரைக்குப் பெயர் இருக்கிறது.

மூன்றாவது பெறுநர்தான் விசேஷமானவர். ஏனென்றால் அவர் வாழ்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

3

தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1780இல் பதினெட்டு வயதில் மதராஸ் படைக்கு வந்தவர். ஹைதரோடும் திப்புவோடும் நடந்த போர்களில் இருந்தார். பிறகு பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம், ஏழு வருஷம் நிலவரி வேலை. 1803இல் கடப்பா, பெல்லாரி, அனந்தபூர்ப் பகுதிகளுக்குக் கலெக்டர். ராணுவப் பதவியில் வெல்லெஸ்லியைவிடக் கீழே, வயதில் எட்டு மூத்தவர்.

மன்றோவின் கடிதங்களை முன்னாள் சிப்பாயான கிளெய்க் பாதிரியார் 1830இல் வாழ்க்கை வரலாறாகத் தொகுத்தார். அவற்றில் எனக்குப் பிடித்தது, 1789இல் மதராஸிலிருந்து தங்கைக்கு எழுதியது. இந்தியாவில் இருக்கும் அண்ணன் பட்டு மெத்தையில் புரள்கிறான் என்று ஸ்காட்லாந்தில் ஒரு நினைப்பு. மன்றோ அதைச் சிரித்துக்கொண்டே உடைக்கிறார். முதல் மூன்று வருஷம் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் கிடைத்தது என்று கணக்குச் சொல்கிறார். பெறுநரின் கற்பனை எது என்று தெரிந்துகொண்டு, அதை ஒவ்வொரு சாமானாகக் கழற்றுகிற கடிதம். இந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அஸ்ஸயே வெற்றிச் செய்தி வந்ததும் எல்லோரும் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் மன்றோ வெல்லெஸ்லிக்கு எழுதினார். பாராட்டு இருக்கிறது, தாராளமாகவே. ஆனால் ஒரு கேள்வியும் இருக்கிறது. கர்னல் ஸ்டீவன்சனின் படையை ஏன் தனியாக வேறு பாதையில் அனுப்பினீர்கள்? இரண்டு படையும் சேர்ந்திருந்தால் இழப்பு குறைந்திருக்காதா? புகழைப் பங்குபோட ஆட்கள் குறைவாக இருக்கட்டும் என்று நினைத்தீர்களோ என்கிற மாதிரி ஒரு குத்தலும் நடுவில் வைக்கிறார்.

இலக்கிய விமர்சனம் எழுதுகிற யாருக்கும் இந்தக் கடிதம் பாடம். படைப்பு வெற்றி பெற்றுவிட்டது, கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், வெற்றியை மறுக்காமலே, இது இன்னும் குறைந்த விலையில் கிடைத்திருக்க முடியாதா என்று கேட்பது. அதுவும் போர் நடந்த இடத்தில் இல்லாத ஒருவர், பதவியில் மேலே இருக்கிறவரிடம்.

4

வெல்லெஸ்லி கோபித்துக்கொள்ளவில்லை. நவம்பர் 1ஆம் தேதி முகாமிலிருந்து நீளமாகப் பதில் எழுதினார். போர் நுணுக்கம் தெரிந்தவர் நீங்கள், உங்கள் அபிப்பிராயம் என் பக்கம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், அதனால் விளக்குகிறேன் என்று ஆரம்பிக்கிறார். அந்த ஆரம்பத்திலேயே கடிதத்தின் தரம் முடிவாகிவிட்டது. இவரை ஏமாற்ற முடியாது என்று எழுதுபவருக்குத் தெரியும்.

ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வடிவம் பழக்கம். ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் இரண்டு அறிக்கை எழுதுவோம். வாடிக்கையாளருக்குப் போவது ஒன்று. டீமுக்குள் மூத்த எஞ்சினியர் ஒருவர் ‘ஏன் அப்படிப் பண்ணினே’ என்று கேட்டதற்கு எழுதும் பதில் இன்னொன்று. உருப்படியான விஷயம் எப்போதும் இரண்டாவதில்தான் இருக்கும். செப்டம்பர் 24 அறிக்கை முதல் வகை, நவம்பர் 1 கடிதம் இரண்டாம் வகை.

முதலில் படையைப் பிரித்ததற்குக் காரணம். மலைக்கு நடுவே இரண்டு பாதைகள். ஒரே பாதையில் மொத்தப் படையும் ஒரே நாளில் கடக்க முடியாது. ஒன்றை விட்டால் எதிரி அதன் வழியாக நழுவிவிடுவான். அதனால் ஆளுக்கொரு பாதையில் போய் 24ஆம் தேதி காலையில் சேர்ந்து தாக்குவது என்று ஸ்டீவன்சனோடு ஏற்பாடு. அப்புறம் ஏன் 23ஆம் தேதியே சண்டை? எதிரி நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தான்.

ஏன் நினைத்த இடத்தில் இல்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணம் அருமையானது. எதிரியின் குதிரைப்படையைத் தாண்டிப் போய் அதிகாரி யாரும் நேரில் பார்த்து வர முடியாது. ஹர்காராக்கள் என்ற ஒற்றர்கள் சொல்வதுதான் கதி. எதிரி பொக்கர்தனில் இருக்கிறான் என்றார்கள். பொக்கர்தன் ஒரு ஊரின் பெயர். சுற்றியிருக்கும் வட்டாரத்துக்கும் அதே பெயர். ஒற்றர்கள் வட்டாரத்தைச் சொன்னார்கள், தளபதி ஊரைப் புரிந்துகொண்டார். ஒற்றர்கள் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. ஒரே பெயர் இரண்டு பொருளுக்கு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரும்பிப் போனால் எதிரிக் குதிரைப்படை துரத்தும் என்பதால் தாக்குவதே உசிதம் என்று முடிவெடுத்ததாகச் சொல்கிறார்.

அடுத்த பகுதி இன்னும் கனமானது. முன்காவல் படையை நடத்திய அதிகாரி, கிராமத்தின் பீரங்கி வீச்சுக்கு எட்டாமல் விலகிப் போயிருக்க வேண்டும். அவர் நேராக அஸ்ஸயேவை நோக்கியே போய்விட்டார். பின்னால் வந்த 74ஆவது ரெஜிமெண்டும் அவரைத் தொடர்ந்தது. பெரிய இழப்பு இந்த இரண்டு பிரிவுகளில்தான். வெல்லெஸ்லி இங்கே நிறுத்தவில்லை. அந்தத் தவறிலிருந்து பிறந்த அடுத்த கேடு, அதிலிருந்து இன்னொன்று என்று கோர்த்துக்கொண்டே போகிறார். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றக் குதிரைப்படையை நேரத்துக்கு முன்பே இறக்க வேண்டியதாயிற்று. அதனால் கடைசியில் எதிரியைத் துரத்தக் குதிரைப்படைக்குத் தெம்பில்லை. கையிருப்பாகப் படை எதுவும் இல்லாமல் போனதால், சிதறித் திரிந்த எதிரிகள் நம் காயம்பட்டவர்களை வெட்டினார்கள். செத்தது போலக் கிடந்தவர்கள் எழுந்து பீரங்கியை நம் முதுகுக்குத் திருப்பினார்கள்.

உரைநடையாக இதைப் பாருங்கள். உவமை கிடையாது, ரத்த ஆறு கிடையாது. ‘அதனால்’, ‘அதனால்’ என்று இணைப்புச் சொற்களே பயங்கரத்தைச் சுமக்கின்றன. காயம்பட்டுக் கிடந்தவர்கள் வெட்டப்பட்டது ஒரு காரணகாரியத் தொடரின் நடுக் கண்ணியாக, துணை வாக்கியத்தின் எடையோடு வந்துவிட்டுப் போகிறது. இந்த நடையின் பலமும் இதுதான், உறுத்தலும் இதுதான்.

தொடரை முடித்த பிறகு அவர் அந்த அதிகாரியிடம் திரும்புகிறார். வரலாற்று நூல்கள் அவரை வில்லியம் ஓராக் என்று அடையாளம் காட்டுகின்றன. அவர்மேல் பழி சுமத்த விரும்பவில்லை என்கிறார் வெல்லெஸ்லி. தவறின் விளைவுகளுக்கு வருந்துகிறேன். ஆனால் அன்றைக்கு அவர் தன் ஆட்களை நடத்திச் சென்றதைவிடக் கடுமையான நெருப்புக்குள் யாராலும் ஒரு படையை நடத்திச் சென்றிருக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முடிக்கிறார். ஒரே மனிதர் தவறு செய்தார், தைரியமாகவும் இருந்தார். ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. நாவலாசிரியர்கள் பாத்திரங்களை உருவாக்கப் படாதபாடு படுவது இந்த இடத்துக்கு வரத்தான்.

மன்றோ கேட்டிருக்காவிட்டால் இந்தப் பத்தி எழுதப்பட்டிருக்காது. வயதான பிறகு வெலிங்டன் பேச்சுவாக்கில் சொன்னதாக நண்பர்கள் பதிவு செய்த அஸ்ஸயே கதை வேறு மாதிரி இருக்கிறது. ஆற்றில் இறங்குதுறையே இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்களாம். எதிரெதிர்க் கரையில் இரண்டு கிராமங்கள் இருப்பதைப் பார்த்து, நடுவில் கடக்க வழியில்லாமலா ஊர் கட்டியிருப்பார்கள் என்று அவர் கணித்தாராம். சுவாரசியமான கதை, அநேகமாக நடந்ததும்கூட. ஆனால் அதில் தளபதியின் புத்திக்கூர்மை கதாநாயகன். மன்றோவுக்கு எழுதிய கடிதத்தில் தவறுகள்தான் கதாபாத்திரங்கள். தலைமுறை கழித்து ரசிக்கும் கூட்டத்துக்கும், ஒரே மாதத்தில் கேள்வி கேட்கும் சகாவுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இந்தக் கடிதங்களை அச்சில் கொண்டுவந்தவர் கர்னல் கர்வுட். 1834 முதல் பல தொகுதிகள் வந்தன. வெலிங்டன் உயிரோடு இருந்தார், அச்சுக்கு முன் படித்தார், சங்கடமான பெயர்களையும் பகுதிகளையும் எடுக்கச் செய்தார். அவர் இறந்த பிறகு, மகன் 1858 முதல் துணைத் தொகுதிகளை வெளியிட்டார். ஆக, தனிக்கடிதம் என்று நாம் படிப்பதிலும், பொது வாசகர் என்ற இரண்டாவது பெறுநர் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

5

இதுவரை நான் மெச்சியதெல்லாம் இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே நடந்த நேர்மை. அதற்கு வேலி உண்டு. வேலி எங்கே இருக்கிறது என்பதையும் மன்றோவே காட்டித்தருகிறார்.

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. புதிய தலைப்பாகை, சாதிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் எழுந்தார்கள். இதே மதராஸ் படையின் சிப்பாய்கள். எழுச்சிக்கு இரண்டு மாதம் முன்பே தலைப்பாகையை மறுத்ததற்காக இரண்டு ஹவில்தார்களுக்கு ஆளுக்கு 900 கசையடி தண்டனை கிடைத்திருந்தது. அதாவது சிப்பாய்கள் ‘கடிதம்’ எழுதித்தான் பார்த்தார்கள், தங்களுக்குத் தெரிந்த முறையில். அதற்கு வந்த பதில் அது.

எழுச்சி அடக்கப்பட்ட பிறகு, திப்புவின் மகன்களின் சதியைப் பற்றிக் கவர்னர் பெண்டிங் கவலைப்பட்டார். ஆகஸ்டில் மன்றோ அவருக்கு எழுதிய கடிதம், அந்தக் கவலையைத் தங்கையின் பட்டு மெத்தைக் கற்பனையைப் போலவே கழற்றுகிறது. ஐரோப்பியர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் சிப்பாய்களைக் கிறிஸ்தவர்களாக்கவே இந்த ஏற்பாடு என்றுதான் இந்தப் பகுதியின் விவரமறிந்தவர்கள் நம்புகிறார்கள் என்கிறார். பெறுநர் கேட்க விரும்பிய சதிக்கதையைத் தராமல், ஊரில் பேசப்படுவதைத் தருகிறார். மீண்டும் நல்ல கடிதம். ஆனால் அந்த விவரமறிந்தவர்கள் யார்? பெயர் இல்லை. கேட்கப்பட்டவர்கள் யாரும் அந்தக் கடிதத்தின் வாசகர்கள் இல்லை.

1822இல், மதராஸ் கவர்னராக இருந்தபோது, பத்திரிகைச் சுதந்திரம் பற்றி மன்றோ ஒரு அரசுக் குறிப்பு எழுதினார். இந்தியாவில் சுதந்திரமான பத்திரிகை கூடாது என்பது அவர் வாதம். முக்கியமான பயம் ராணுவத்தைப் பற்றியது: சுதந்திரம் பற்றிய பேச்சு சிப்பாய்களிடம் பரவும், கம்பெனி ஆட்சி கவிழும். தெளிவான நடை, ஒளிவுமறைவு இல்லாத தர்க்கம், வழக்கமான மன்றோ. அதனாலேயே படிக்கத் தூக்கிவாரிப்போடுகிறது. ஜெயித்த தளபதியிடம் கணக்குக் கேட்கத் துணிந்தவர், அந்தக் கணக்கில் செத்தவர்களின் கூட்டாளிகள் கேள்வி கேட்கக் கூடாது என்று அதே நேர்மையோடு எழுதுகிறார். இதில் பாசாங்கே இல்லை. கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர்களின் வட்டம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும், வெளிப்படையாகச் சொல்கிறார்.

இதை வைத்து மன்றோவின் அஸ்ஸயே கேள்வியைத் தள்ளுபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அந்தக் கேள்வியை மட்டும் படித்துவிட்டு அவரை நம்ம ஆள் ஆக்கிக்கொள்வதும் சரியில்லை. மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வெல்லெஸ்லியிடம் கேட்ட கேள்வி, பெண்டிங்குக்குத் தந்த பதில், பத்திரிகைக் குறிப்பு. ஒரே எழுத்தாளர், ஒரே நடை. பெறுநர் மாறுகிறார். யார் பெறுநராக இருக்கவே முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

இந்தத் தொகுதிகள் எல்லாம் இணையத்தில் வருட எடுப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்க ஆரம்பிப்பவர்கள் நவம்பர் 1 கடிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பிறகு செப்டம்பர் 24 அறிக்கைக்கும் அதன் இழப்புப் பட்டியலுக்கும் போகலாம். அதிகாரிகளின் பெயர்கள் முடிந்து வெறும் எண்கள் ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைக்கும் மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இருப்பது அஸ்ஸயே யானை. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் இருக்கிறது, அந்த ஊரின் பெயர் வெலிங்டன். தளபதிக்கு ஊர் கிடைத்தது, சிப்பாய்களுக்கு யானை கிடைத்தது. அஸ்ஸயேவைப் பற்றி அவர்களில் யாராவது வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது எந்தத் தொகுதியிலும் இல்லை.